கெட்டி அட்டையும் ஜன்னல் சீட்டும்

சென்ற ஆண்டு பொங்கல் முடிந்த திங்கட்கிழமை காலை, மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு வரும் பாசஞ்சர் ரயிலில், பெண்கள் பெட்டியில் நடந்தது இது. பெரிய சம்பவம் என்று சொல்ல மாட்டேன். யாருக்கும் அடிபடவில்லை, எதுவும் தொலையவில்லை. பக்கத்தில் இருந்த யாரைக் கேட்டாலும் அப்படி ஒன்று நடந்ததாகவே அவர்களுக்கு நினைவிருக்காது. எனக்கு மட்டும் அது மறக்கவில்லை.

முதலில் அந்த நோட்டுப் புத்தகங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவை இல்லாவிட்டால் நான் அந்த ரயிலில் ஏறியிருக்கவே மாட்டேன்.

நான் வேலை செய்யும் நிறுவனம் கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் எடை இயந்திரங்கள் விற்கிறது. வருடத்துக்கு ஒரு முறை டீலர்களையும், ஊர் ஊராகப் போய் இயந்திரம் பழுது பார்க்கும் மெக்கானிக்குகளையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்துவோம். சாப்பாடு போட்டு, கம்பெனிப் பெயர் பொறித்த ஏதாவது ஒரு பொருளைக் கையில் கொடுத்து அனுப்புவது வழக்கம். சுவர்க் கடிகாரம் கொடுத்தாயிற்று, தண்ணீர் பாட்டில் கொடுத்தாயிற்று, குடையும் கொடுத்தாயிற்று. இந்த முறை நோட்டுப் புத்தகம் என்று முடிவானது. அதில் கெட்டி அட்டையா, மெல்லிய அட்டையா என்பதில்தான் தகராறு.

மேனேஜர் கெட்டி அட்டைக் கட்சி. கையில் வாங்கும்போது கனம் தெரிய வேண்டும், மேஜைமேல் வைத்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும், பெயரைத் தங்க நிறத்தில் அழுத்திப் பொறித்தால் வருடக்கணக்கில் அழியாது என்பது அவர் வாதம். விற்பனைப் பிரிவில் இருப்பவர்கள் மெல்லிய அட்டைக் கட்சி. பையில் சொருகலாம், மடிக்கலாம், பைக்கில் போகிறவனுக்குச் சுமையாக இருக்காது என்றார்கள். இரண்டு மூன்று கூட்டம் போட்டும் முடிவாகாமல், கடைசியில் மேனேஜர் என் பக்கம் திரும்பினார். நான் கல்லூரி நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவள் என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

"டெய்லி எழுதுறவங்க நீங்க ஒருத்தர்தான் மேடம். பொங்கல் லீவுல ரெண்டையும் எடுத்துட்டுப் போய் எழுதிப் பாருங்க. திங்கட்கிழமை பிரஸ்காரரை வரச் சொல்லியிருக்கேன். நீங்க சொல்றதுதான் ஃபைனல்" என்றார்.

இப்படி ஒரு வேலை கொடுத்தால் எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். பால்பாயிண்ட், மை பேனா, பென்சில் என்று மூன்றாலும் இரண்டிலும் எழுதிப் பார்த்தேன். மை மறுபக்கம் ஊறுகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அட்டையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். கெட்டி அட்டை நோட்டு முதல் சில பக்கங்களில் விரிந்து படுக்க மறுத்தது. மெல்லிய அட்டை நோட்டு, அடியில் மேஜை இல்லாவிட்டால் வளைந்து போனது. மற்றபடி தாள் ஒன்றுதான், தையல் ஒன்றுதான், கோடு ஒன்றுதான். வீட்டு மேஜையில் உட்கார்ந்து எத்தனை முறை எழுதினாலும் தராசு ஒரு பக்கமும் சாயவில்லை.

பொங்கலுக்கு நான் தம்பி வீட்டில் இருந்தேன். நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில்; மாரிக்குப்பம் அந்த ஊர் ஸ்டேஷன். கல்யாணத்துக்குப் பிறகும் அங்கேதான் இருந்தோம். வேலை மட்டும் பெங்களூரில். விடிவதற்கு முன் ரயில், இருட்டிய பிறகு ரயில் என்று என் வயதின் பெரும்பகுதி அந்தத் தண்டவாளத்தில்தான் போனது. நான்கு வருடங்களுக்கு முன் மகளின் கல்லூரிப் படிப்பை ஒட்டி பிரேசர் டவுனில் வாடகை வீடு பார்த்துக் குடிவந்தோம். இப்போது ஆபீசுக்கு ஒரே பஸ். ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். எல்லோரும் என்னிடம், அப்பாடா, ரயிலிலிருந்து தப்பித்தாய் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பெங்களூர் வந்த முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் என் நாட்குறிப்பு எனக்கே வித்தியாசமாகத் தெரிய ஆரம்பித்தது. ரயிலில் எழுதிய பக்கங்களில் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், வரி கோட்டை விட்டு இறங்கும். ஆனால் யார் யாருடன் சண்டை, யார் வீட்டில் வளைகாப்பு, யார் தூங்கிவிழுந்து ஸ்டேஷனைத் தவறவிட்டாள் என்று பக்கம் போதாமல் ஓரத்தில் எழுதியிருப்பேன். இப்போது எழுத்து அச்சடித்த மாதிரி நேராக இருக்கிறது. எழுதத்தான் ஒன்றும் இல்லை. பால், பஸ், ஆபீஸ், மழை.

ஞாயிற்றுக்கிழமை மாலை தம்பியின் பக்கத்து வீட்டுக்காரர் காரில் பெங்களூர் கிளம்பினார். வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுகிறேன் என்றார். வேண்டாம், காலை ரயிலில் போகிறேன் என்றேன். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. மெக்கானிக்குகள் நின்றபடியும் நடந்தபடியும் எழுதுகிறவர்கள், அதனால் நோட்டுகளை ஓடும் ரயிலில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. நான் விட்டுவந்த அந்த இடம் இன்னும் எனக்கு இருக்கிறதா என்று ஒரே ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதற்கு மேல் அவனிடம் எப்படிச் சொல்வது?

தினமும் ரயிலில் போகாதவர்களுக்கு இடம் என்று நான் சொல்வது என்னவென்று விளங்காது. பெட்டியின் நடுப்பகுதியில் எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள். எங்கள் கூட்டத்துக்கு அதுதான் வீடு. ஆனால் இருக்கைகளைவிட நாங்கள் எப்போதும் இரண்டு மூன்று பேர் அதிகம். அதனால் முறை வைத்து நிற்போம். மாரிக்குப்பத்தில் ஏறுகிறவர்கள் உட்கார்ந்து வருவார்கள். பங்காரப்பேட்டையில் ஏறுகிறவர்கள் மாலூர் வரை நிற்பார்கள். மாலூரில் மாற்றம். ஒயிட்ஃபீல்டில் இன்னொரு மாற்றம். உட்கார்ந்திருப்பவள் நிற்கிறவளின் பையை மடியில் வாங்கிக்கொள்ள வேண்டும். இதை யாரும் எழுதி வைத்ததில்லை. யாருக்கும் விலக்கும் இல்லை, விருந்தாளிக்கு மட்டும்தான் விலக்கு. எப்போதாவது ஒருத்தியின் மாமியாரோ நாத்தனாரோ எங்களோடு வந்தால், அவர்களை ஜன்னலோரம் உட்காரவைத்து, இறங்கும்வரை எழுப்ப மாட்டோம்.

திங்கட்கிழமை நல்ல பனி. ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் போனேன். பெட்டி எங்கே நிற்கும் என்று கால் தானாகவே அறிந்திருந்தது. ஏறிப் பார்த்தால், அதே மூலையில் அதே அக்கா. கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். எங்கள் கூட்டத்தில் மூத்தவர், வாயிலும் மூத்தவர். மடியில் ஒரு பெரிய துணிப்பை நிறைய அவரைக்காய்.

"யாரு வந்துகீறா பாருங்கடி. பெங்களூர்க்காரி வந்துகீறா" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். ஒருத்தி எழுந்து கட்டிக்கொண்டாள். நான் எப்போதும் உட்காரும் இடத்தில், அதாவது எதிர் இருக்கையில் நடுவில், ஓர் இளம்பெண் இருந்தாள். ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலையாம், வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். அவள் மரியாதையாக எழுந்து, "உக்காருங்க ஆன்ட்டி" என்றாள். அதற்குள் அக்கா ஜன்னலோரம் இருந்தவளை நகரச் சொல்லிவிட்டார்.

"இங்க உக்காரு. காத்து வரும்."

பனிக்காலத்தில் யாருக்குக் காற்று வேண்டும்? ஆனாலும் உட்கார்ந்தேன்.

நன்றாகத்தான் கவனித்தார்கள். பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி முதல் டம்ளரை எனக்குக் கொடுத்தார்கள். மகள் என்ன படிக்கிறாள், வீட்டில் தண்ணீர் கஷ்டம் உண்டா, வீட்டுக்கார அம்மா எப்படி என்று கேட்டார்கள். நானும் பதில் சொன்னேன். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் ஒரு சிறு மௌனம் வந்தது. உறவுக்காரர் வீட்டுக் கூடத்தில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கும்போது வருமே, அந்த மௌனம். பிறகு அவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தால், எனக்குத் தெரியாத பெயர்கள், எனக்குத் தெரியாத சண்டைகள். இடையிடையே ஒருத்தி என் பக்கம் திரும்பி, இது யாரென்றால் என்று விளக்கம் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

பங்காரப்பேட்டையில் கூட்டம் ஏறியது. அதில் என் வயதுத் தோழி ஒருத்தியும் இருந்தாள். பேங்க்கில் கிளார்க். ஒரு காலத்தில் நாங்கள் இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. முட்டி வலியால் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தாள். நான் உடனே எழுந்தேன். அவள் என் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்துவிட்டாள். சரி, பையையாவது கொடு என்று கையை நீட்டினேன். நீ எதற்குச் சுமக்க வேண்டும், சும்மா உட்கார் என்று சொல்லிவிட்டு, பையை அந்த இளம்பெண்ணின் மடியில் வைத்தாள். அந்தப் பெண்ணும் வெளியே பார்த்தபடியே வாங்கிக்கொண்டாள். அப்படிப் பாராமல் வாங்கும் பழக்கம் ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது.

நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதை மறைக்கத்தான் என் பையைத் திறந்து இரண்டு நோட்டுகளையும் எடுத்தேன். விஷயத்தைச் சொல்லி, எது நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள் என்று கொடுத்தேன்.

முதலில் எல்லோர் கண்ணும் கெட்டி அட்டை நோட்டின்மேல் போனது. கருநீல அட்டை, தங்க எழுத்து, பக்கத்தில் அடையாளம் வைக்க ஒரு ரிப்பன். அக்கா அவரைக்காய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்ட பிறகுதான் அதைத் தொட்டார். ஒருத்தி முகர்ந்து பார்த்தாள். மகள் கல்யாணத்துக்கு மொய் எழுத வைத்துக்கொள்ளலாம் என்றாள் இன்னொருத்தி. ஷோகேஸில் வைக்கலாம் என்றாள் மற்றொருத்தி. எழுதிப் பாருங்கள் என்று பேனாவை நீட்டினேன். ஒருத்தரும் வாங்கவில்லை.

"வேஸ்ட் பண்ணாதீங்க ஆன்ட்டி. நல்லா இருக்கு, அப்படியே வெச்சுக்குங்க" என்றாள் இளம்பெண்.

கைமாறிக் கைமாறி, புதிதாக ஒரு கீறல்கூட விழாமல், பிளாஸ்டிக் உறையில் திரும்பப் போடப்பட்டு அது என் மடிக்கே வந்து சேர்ந்தது.

மெல்லிய அட்டை நோட்டுக்கு அந்த மரியாதை எல்லாம் கிடைக்கவில்லை. யாரிடம் முதலில் போனது என்றுகூட நான் கவனிக்கவில்லை. பார்த்தபோது அக்கா அதை மடியில் விரித்து அதன்மேல் அவரைக் கொட்டைகளைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் யாரோ அதை உதறி வாங்கி, போனில் சொன்ன ஒரு நம்பரை முதல் வெற்றுப் பக்கத்தில் கிறுக்கினாள். நடுப்பக்கத்தில் இன்னொருத்தி ஒரு பிளவுஸ் கழுத்து எப்படி வர வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினாள். நின்றுகொண்டிருந்த என் தோழி, கூட்டத்தின் புழுக்கத்தில், அதை இரண்டாக மடித்து விசிறிக்கொண்டாள். மாலூர் வருவதற்குள் அட்டையின் முனை சுருண்டு, பச்சையாக ஒரு கறை பட்டு, ஏதோ பல மாதம் அந்தப் பெட்டியிலேயே புழங்கிய நோட்டு மாதிரி ஆகிவிட்டது.

நான் ஜன்னலோரம் கெட்டி அட்டை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த மெல்லிய நோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டு மேஜையில் சாயாத தராசு அப்போது சாய்ந்துவிட்டது. அதோடு வேறொன்றும் புரிந்தது. என்னையும் அவர்கள் கையைத் துடைத்துக்கொண்டுதான் தொடுகிறார்கள்.

மாலூரில் மாற்றம் நடந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. இரண்டு பேர் எழுந்தார்கள், இரண்டு பேர் உட்கார்ந்தார்கள், பைகள் மடி மாறின. என் தோழியின் முறை ஒயிட்ஃபீல்டில்தான். நான் இன்னொரு முறை எழுந்தேன். இந்த முறை நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தபடி என்னை உட்காரவைத்தார்கள். நீ ஒரு நாள் வந்திருக்கிறாய், உன்னை நிற்கவைத்தால் எங்களுக்கு நல்லதா என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன். இனி ஒயிட்ஃபீல்டு, அப்புறம் கே.ஆர்.புரம், அப்புறம் கண்டோன்மென்ட், நான் இறங்கிவிடுவேன். இடம் போய்விட்டது, பார்க்க வந்தாய், பார்த்தாயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒயிட்ஃபீல்டு நெருங்கும்போது அக்காவுக்கும் இளம்பெண்ணுக்கும் வழக்கு வந்தது. அடுத்து எழ வேண்டியது அக்காவின் முறை என்றாள் அவள். அக்கா அவரைக் கொட்டையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"நான் வெள்ளிக்கிழம சிட்டி ஸ்டேஷன் வரைக்கும் நின்னுன்னே வந்தேன். கால் வீங்கிப் போச்சு. வேணும்னா காட்றேன்."

பெண் தயங்கினாள். வெள்ளிக்கிழமை அவள் லீவு போலிருக்கிறது. அக்காவிடம் வாய் கொடுத்து மீள முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். நான் அந்த வழக்கில் தலையிட வேண்டும் என்று நினைக்கவே இல்லை. கணக்கு தப்பாக இருந்தால் என் வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

"வெள்ளிக்கிழமை மாட்டுப் பொங்கல் அக்கா. உங்களை நம்ம ஆண்டர்சன்பேட்டை கறிக்கடை க்யூவில பார்த்தேன். அங்கதான் நின்னுட்டு இருந்தீங்க" என்றேன்.

என் தோழிதான் முதலில் சிரித்தாள். அவள் சிரித்ததும் எதிர் இருக்கை முழுக்கச் சிரித்தது. இளம்பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவிடம் அவரைக்காய் வாங்கவந்த பக்கத்துக் கூட்டத்துக்காரி ஒருத்தி, எவ்வளவு கிலோ கறி என்று கேட்டாள். அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். முறைப்புதான். ஆனால் பெங்களூர்க்காரியைப் பார்க்கிற பார்வை இல்லை அது. எத்தனையோ காலை நேரங்களில் என்மேல் விழுந்த அதே பழைய முறைப்பு.

"வந்துட்டாடி கணக்கு பாக்கறவ. நாலு வருஷம் நிம்மதியா கீறோம்னு பாத்தா" என்று ஆரம்பித்தவர், கையிலிருந்த தோலை என் பக்கம் வீசினார். "இன்னாமே பாத்துன்னு கீற? மாரிக்குப்பத்துலருந்து ஜன்னலாண்ட குந்திகினு வர. முட்டி வலிக்காரி நின்னுன்னு கீறா, கண்ணு தெரில? எழுந்திரு."

எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. என் தோழி ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லாமல் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, அப்பாடா என்று காலை நீட்டினாள். உட்கார்ந்த கையோடு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், என் தோளிலிருந்த பையை உருவி மடியில் வைத்துக்கொண்டாள். வேறு யாரோ தன் டிபன் பையைத் தவறாக என் கையில் மாட்டிவிட்டுப் போனாள். ஒயிட்ஃபீல்டில் ஏறிய கூட்டம் என்னை உள்ளே தள்ளியது. ஒரு முழங்கை விலாவில் இடித்தது. தள்ளி நில்லும்மே என்று பின்னாலிருந்து ஒருத்தி திட்டினாள். நானும் பதிலுக்குத் திட்டினேன்.

கடமையை மறக்கவில்லை. ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, கெட்டி அட்டை நோட்டை இடுப்பில் அண்டக்கொடுத்து நாலு வரி எழுதிப் பார்த்தேன். நின்றபடி எழுத அதுதான் வசதி, அதை மறைக்க முடியாது. மெல்லிய அட்டை நோட்டைத் திரும்ப வாங்கி எழுதினால் அது நடுவில் தொய்ந்தது. ஆனால் அதற்குள் ஆளாளுக்குக் கிறுக்கி எட்டுப் பக்கம் நிறைந்திருந்தது அந்த நோட்டில்தான்.

கே.ஆர்.புரம் வரை, கண்டோன்மென்ட் வரை நின்றே வந்தேன். ரயில் வளையும் இடங்களில் உடம்பு முன்கூட்டியே சாய்ந்துகொடுத்தது. எனக்கு ஐம்பது வயது. குதிகால் வலித்தது. அந்த வலி இன்னும் கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

இறங்கும் நேரம் வந்தது. பையை வாங்கிக்கொண்டு கதவை நோக்கி நகர்ந்தேன். யாரும் போய் வா என்று சொல்லவில்லை. தினமும் பார்க்கிறவர்கள் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. அக்கா அவரைத் தோலைத் தினசரித் தாளில் சுருட்டிக்கொண்டே, கதவருகே நின்ற எனக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"நாளைக்கு எலுமிச்சங்கா ஊறுகா எத்தினு வா. மறந்துடாத."

சரிக்கா என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ரயில் நகர்ந்த பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு உறைத்தது. நாளைக்கு நான் அந்த ரயிலில் இல்லை என்பதை அக்கா மறந்துவிட்டிருந்தார். பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் ஆபீசுக்குப் போனேன்.

பிரஸ்காரர் வந்தார். மெல்லிய அட்டை என்றேன். மேனேஜருக்கு ஏமாற்றம். காரணம் கேட்டார். கெட்டி அட்டையில் கொடுத்தால் பத்திரமாக எடுத்து வைத்துவிடுவார்கள் சார் என்றேன். அதுதானே மேடம் நமக்கு வேண்டும், நம் பெயர் வருடக்கணக்கில் இருக்குமே என்றார்.

"இருக்கும் சார். ஆனா யாரும் தொட மாட்டாங்க. தினம் கையில புழங்கணும்னா கொஞ்சம் கசங்கறதைத்தான் கொடுக்கணும்" என்றேன்.

அவர் அந்த அவரைக் கறை பட்ட நோட்டை வாங்கிப் புரட்டினார். பிளவுஸ் கழுத்துப் படத்தைப் பார்த்து, இது என்ன என்று கேட்கவில்லை, நல்ல மனிதர். கடைசியில், முன்னட்டை மெல்லியதாகவும், நின்றபடி எழுத வசதியாகப் பின்னட்டை மட்டும் சற்றுத் தடிப்பாகவும் இருக்கட்டும் என்று முடிவாகியது. அது என் யோசனைதான். பின்னட்டையின் தடிப்பை இரண்டு முறை மாற்றச் சொல்லிப் பிரஸ்காரரின் பொறுமையைச் சோதித்தேன்.

மறுநாள் காலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்து, மகளிடமும் கணவரிடமும் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, ஊறுகாய் பாட்டிலோடு கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு, அந்தப் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் நின்றேன். ரயில் வந்தது. இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களுமாகக் கதவில் நெருக்கடி. ஜன்னல் வழியாகப் பாட்டிலை நீட்டினேன். முகம் தெரியாத ஒரு கை வாங்கி உள்ளே கொடுத்தது. அது கைமாறிப் போவது தெரிந்தது. அக்காவின் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. போன தடவை உப்பு கம்மி, இந்தத் தடவையாவது சரியாகப் போட்டாளா என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். போன தடவை என்பது நான்கு வருடத்துக்கு முன்பு. ரயில் நகர்ந்தது. கையை ஆட்டலாமா என்று யோசித்தேன். விருந்தாளிதானே கையாட்டுவாள் என்று தோன்றி, கையைக் கீழேயே வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் எனக்கு இப்போதும் தினமும் உட்கார இடம் கிடைக்கிறது. ஆனால் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இவ்வளவு நேரம் உட்கார்ந்தது போதும், எழுந்திரு என்று உரிமையோடு சொல்ல இந்த ஊரில் ஒரு குரல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஏக்கம், அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு என்னைவிட்டுப் போகவே இல்லை.